விழுந்ததைச் சொல்லும் பிள்ளை



கட்டுரைப் பாடத்தில் ஆண்டுதோறும் தவறாமல் வந்து நிற்கும் தலைப்புகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று, 'என் வாழ்வில் மறக்க முடியாத நிகழ்ச்சி'. இத்தலைப்பை வெண்பலகையில் எழுதிய உடனே வகுப்பில் பாதிப் பேர் மிதிவண்டியிலிருந்து விழுந்த கதையை எழுதத் தொடங்கிவிடுவர். தமிழாசிரியர்களுக்கு அந்தக் கதை மனப்பாடம். கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்புவான். பறவைகள் கீச்சிடும். மாணவன் மிதிவண்டியை எடுப்பான். 'கண்ணிமைக்கும் நேரத்தில்' மகிழுந்து ஒன்று வரும். அவன் 'செய்வதறியாது' திகைப்பான். 'இரத்த வெள்ளத்தில்' மிதப்பான். கண் விழித்தால் மருத்துவமனை. அன்று முதல் பெற்றோர் சொல் தட்டக் கூடாது என்று உறுதி பூணுவான். முற்றும்.

இக்கட்டுரைகளைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. 2023-ஆம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு வகுப்பில், பயிற்றுப் புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னேன். "எழுத வேண்டாம். மிதிவண்டியில் போகும்போது உங்களுக்கு நடந்த மிக மோசமான நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். கதிரவன் வேண்டாம், பறவை வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லுங்கள்" என்றேன். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவன் தொடங்கினான். அடுத்த மணி அடித்தும் கைகள் இறங்கவில்லை.

அன்று கேட்டவற்றையும், ஞாயிறுதோறும் என்னோடு மிதிவண்டி ஓட்டும் நண்பர்கள் சொன்னவற்றையும், அதன்பின் எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றையும் இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்களும் பெற்றோரும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பிள்ளைகள் சொன்னவை

முதலில் வந்தது நாய். ஏறக்குறைய எல்லாரிடமும் ஒரு நாய்க் கதை இருந்தது. தாமானின் கடைசி வரிசையில் எப்போதும் வாயில் திறந்தே கிடக்கும் ஒரு வீடு, அதன் கறுப்பு நாய், விரைந்து மிதிக்க மிதிக்க அதுவும் விரைந்து துரத்துவது. ஒரு மாணவன் கால்களைத் தூக்கிக் கைப்பிடியின்மேல் வைத்துக்கொண்டானாம். அடுத்த வளைவில் வேலியோடு மோதி நின்றான். வகுப்பே சிரித்தது. நாயிடமிருந்து தப்பிக்க வேகத்தைக் கூட்டுவதால்தான் பெரும்பாலோர் விழுகின்றனர். இறங்கி, மிதிவண்டியை நாய்க்கும் நமக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு, அதை வெறித்துப் பார்க்காமல் மெல்ல நடந்து போவதே நல்லது. ஓடாத ஒன்றைத் துரத்துவதில் நாய்க்கு ஆர்வம் குறைந்துவிடும்.

கடித்துவிட்டால் அது சிரிப்புக்குரிய செய்தியன்று. சரவாக்கில் 2017-ஆம் ஆண்டு வெறிநாய்க்கடி நோய் பரவி உயிர்களைப் பறித்ததை நாம் அறிவோம். கடிபட்ட இடத்தை ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நகக்கீறல்தானே என்று விட்டுவிடக் கூடாது.

அடுத்தது கால்வாய். நம் நாட்டில் பெய்யும் மழைக்குச் சாலையோரக் கால்வாய்கள் ஆழமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பெருமழையில் சாலையும் கால்வாயும் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும். எது தரை, எது பள்ளம் என்று தெரியாது. ஒரு மாணவி அப்படித்தான் மிதிவண்டியோடு இறங்கிவிட்டாள். இடுப்பளவு நீர். பக்கத்துக் கடைக்காரச் சீனப் பாட்டி ஒருவர் குடைக்கம்பை நீட்டி இழுத்தாராம். "அவங்களுக்குத் தமிழ் தெரியாது சார், எனக்குச் சீனம் தெரியாது. ஆனா ரெண்டு பேருமே கத்துனோம்" என்றாள். எந்தக் கட்டுரையிலும் இப்படியொரு வாக்கியத்தை அவள் எழுதியதில்லை.

மூன்றாவதாக ஒரு மாணவி தன் குதிகாலைக் காட்டினாள். பின்புறம் நீளமான தழும்பு. அண்ணன் மிதிவண்டி ஓட்ட, பின்னால் இருக்கும் இரும்புத் தாங்கியில் இவள் அமர்ந்திருந்தாள். கால் தொங்கியது. சக்கரத்தின் கம்பிகளுக்குள் போய்விட்டது. பாட்டி காயத்தில் காப்பித்தூளை அப்பிக் கட்டிவிட்டார். முதல் நாள் வெறும் சிராய்ப்புப் போலத்தான் இருந்ததாம். நான்காம் நாள் தோல் கறுத்துவிட்டது.

சக்கரக் கம்பியில் கால் சிக்கும் காயத்தின் இயல்பே இதுதான். கத்தி வெட்டினால் வெட்டிய இடம் மட்டும் கெடும். சுழலும் கம்பிக்கும் மிதிவண்டிச் சட்டத்துக்கும் இடையில் சிக்கிய கால் நசுங்குகிறது. மேல்தோல் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் அடியில் உள்ள தசை கெட்டிருக்கும். அது வெளியே தெரிய மூன்று நான்கு நாள் ஆகலாம். ஆகவே இவ்வகைக் காயம் எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். காப்பித்தூள் வேண்டவே வேண்டாம். காயத்தைப் பார்க்கவிடாமல் மறைப்பதைத் தவிர அது வேறெதுவும் செய்வதில்லை. தம்பி தங்கையைப் பின்னால் ஏற்றுவதானால் கால் வைக்க மிதிகட்டையும், சக்கரத்தை மூடும் தடுப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏற்றாதீர்கள்.

பெரியவர்கள் சொன்னவை

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நாங்கள் ஆறேழு பேர் மிதிவண்டி ஓட்டுகிறோம். இரண்டு ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற அஞ்சல்காரர் ஒருவர், ஒரு மின்பணியாளர், மற்றும் சிலர். செம்பனைத் தோட்டங்களின் வழியாக முப்பது நாற்பது கிலோமீட்டர் போய், ரொட்டி சானாய் தின்றுவிட்டுத் திரும்புவோம். அவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்டேன்.

அஞ்சல்காரர் சொன்னது மகிழுந்துக் கதவு. முப்பது ஆண்டுகள் கடிதம் கொண்டு சென்றபோது வராத ஆபத்து, ஓய்வு பெற்ற ஆறாம் மாதம் வந்தது. சாலையோரம் நிறுத்தியிருந்த மகிழுந்தின் ஓட்டுநர் பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தார். அண்ணன் கதவோடு மோதிச் சாலையின் நடுவே விழுந்தார். பின்னால் பேருந்து ஏதும் வராததால் தோள்பட்டை எலும்போடு போயிற்று. "கதவு திறந்ததைப் பார்த்தேன் தம்பி. பிரேக்கைத் தொடக்கூட நேரமில்லை" என்றார்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். கதவுக்கு அருகில் இருப்பது வலக்கை. அதனால் திறக்காமல் இடக்கையை நீட்டித் திறந்தால், உடல் தானாகவே வலப்புறம் திரும்பும். கண் பின்னால் பார்க்கும். நெதர்லாந்து நாட்டில் இப்பழக்கம் வெகுகாலமாக உள்ளது. காசில்லாத பாதுகாப்பு இது. பள்ளி வாயிலில் பிள்ளைகளை இறக்கிவிடும் பெற்றோர் நாளைக் காலையே தொடங்கலாம். பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கலாம். மிதிவண்டி ஓட்டுபவர் தம் பங்குக்கு, நிற்கும் வண்டிகளிலிருந்து ஒரு கதவின் அகலம் விலகிப் போக வேண்டும்.

மின்பணியாளர் சொன்னது மழை. மாலை நான்கு மணிக்கு இடியோடு தொடங்கும் நம்மூர் மழையின் முதல் பத்து நிமிடம்தான் வழுக்கல் மிகுந்தது. சாலையில் நாட்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து குழம்பாகும் நேரம் அது. வெள்ளைக் கோடுகளும், இரும்புக் கால்வாய் மூடிகளும், தண்டவாளமும் நனைந்தால் பாசி படிந்த படிக்கட்டுப் போலாகிவிடும். அவற்றின்மேல் போகும்போது திரும்பவும் கூடாது, பிரேக்கை அழுத்தவும் கூடாது. தண்டவாளத்தை நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். இடி இடிக்கும்போது திறந்த வெளியில் ஓட்டுவதைவிட ஏதேனும் ஒரு கட்டடத்துக்குள் ஒதுங்குவதே அறிவுடைமை. மரத்தடி ஒதுங்குமிடம் ஆகாது.

இவையெல்லாம் விழுந்தவர்கள் சொன்ன கதைகள். விழுந்ததைச் சொல்லாத ஒருவனின் கதையை இனிச் சொல்கிறேன்.

சொல்லாதவன்

அந்த வகுப்பில் எல்லாரும் கை தூக்கியபோது கை தூக்காத மாணவன் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம். அமைதியானவன். அவன் தந்தை லாரி ஓட்டுநர். கண்டிப்பானவர் என்று கேள்வி.

இது நடந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமைக் காலைச் சபைகூடலில் அவன் குனிந்தபடி நின்றான். முதல் பாடத்தில் மேசைமேல் தலை சாய்த்திருந்தான். "என்ன ஆச்சு?" என்றேன். "ஒன்னுமில்ல சார்." ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச் சாலைக்கு அவன் போகவில்லை. மறுபடி கேட்டேன். அதே விடை. வகுப்புக்குத் திரும்பும்போது கழிவறை ஓரம் நின்று வாந்தி எடுத்தான். வாந்தி பச்சை நிறமாக இருந்தது.

ஆசிரியர் அறைக்கு அழைத்துவந்து உட்காரவைத்தேன். மூன்றாம் முறை நான் "என்ன ஆச்சு?" என்று கேட்கவில்லை. "எங்கே வலிக்குதுன்னு காட்டுறியா?" என்றேன். சட்டையைத் தூக்கினான். தொப்புளுக்கு மேலே, ஐம்பது காசு அளவில், வட்டமாக ஓர் ஊதா நிறத் தடம். அவ்வளவுதான். இரத்தம் இல்லை, வீக்கம் இல்லை.

"சைக்கிளா?" என்றேன். தலையை ஆட்டினான்.

முந்தைய நாள் மாலை, அண்ணனின் மிதிவண்டியைக் கேட்காமல் எடுத்திருக்கிறான். கைப்பிடியின் முனையில் இருக்க வேண்டிய ரப்பர் உறை தேய்ந்து கழன்று, வெறும் இரும்புக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேட்டிலிருந்து இறங்கும்போது சக்கரம் கல்லில் ஏறி, கைப்பிடி திரும்பி, அந்தக் குழாயின் முனைமேல் வயிறு படும்படி விழுந்தான். சற்று நேரம் மூச்சு வரவில்லை. பிறகு எழுந்து மிதிவண்டியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, இரவு உணவு வேண்டாம் என்று சொல்லிப் படுத்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

தலைமையாசிரியரிடம் தெரிவித்து, அவன் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துவிட்டு, மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் அந்த வட்டத் தடத்தைப் பார்த்தவுடன் எழுந்து நின்றார். கைப்பிடியின் முனை வயிற்றில் குத்தும்போது உடலின் முழு எடையும் ஒரு சிறு வட்டத்தில் இறங்குகிறது. பிள்ளைகளின் வயிற்றுத் தசை மெல்லியது. உள்ளே இருக்கும் கல்லீரல், மண்ணீரல், கணையம், குடல் ஆகியவை முதுகெலும்போடு வைத்து நசுக்கப்படுகின்றன. வெளியே தெரிவது ஒரு காசளவு தடம். உள்ளே நடப்பது தெரியப் பல மணி நேரம், சில வேளை ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அந்தத் தடத்தை வைத்துத்தான் மருத்துவர்கள் ஐயம் கொள்கிறார்கள் என்று அவர் விளக்கினார்.

படம் எடுத்துப் பார்த்ததில் சிறுகுடலின் தொடக்கத்தில் குடற்சுவருக்குள் இரத்தம் கட்டி வழியை அடைத்திருந்தது. அறுவை தேவைப்படவில்லை. வாய்வழி உணவை நிறுத்தி, நரம்பு வழியே நீரும் சத்தும் கொடுத்து, பதினாறு நாள் வைத்திருந்தார்கள். குடல் கிழிந்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்றார் மருத்துவர்.

அன்று மாலை தந்தை வந்தார். வேலை உடை, கையில் லாரிச் சாவி. குவாந்தானிலிருந்து நேரே வந்திருந்தார். கட்டிலருகே நின்று, "ஏன்டா அப்பாகிட்ட சொல்லல?" என்றார். குரல் கடுமையாகத்தான் இருந்தது. பையன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அடிப்பீங்கன்னு" என்றான்.

அந்த அறையில் அம்மாவும் இருந்தார், நானும் இருந்தேன், தாதி ஒருவரும் இருந்தார். ஒருவரும் பேசவில்லை. தந்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் விடைபெற்று வெளியேறும் வரை அவர் மகனின் பாதத்தைப் பிடித்தபடியே இருந்தார்.

லாரி பள்ளிக்கு வந்தது

மகன் பள்ளிக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் அவர் என்னைப் பார்க்க வந்தார். "சார், எனக்குப் பேச வராது. ஆனா லாரியப் பத்திச் சொல்லலாம். பிள்ளைங்களுக்குக் காட்டட்டுமா?" என்றார். முதலாளியிடம் அனுமதி பெற்று, ஒரு சனிக்கிழமை புறப்பாட நடவடிக்கையின்போது லாரியைப் பள்ளித் திடலின் ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஒவ்வொரு மாணவராக ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி உட்காரவைத்தார். மற்ற மாணவர்கள் லாரியின் முன்பக்க இடது மூலையை ஒட்டி, மிதிவண்டிகளோடு வரிசையாக நின்றார்கள். "எத்தனை பேர் தெரியுறாங்க?" என்று கேட்டார். மேலே இருந்த மாணவி முன்கண்ணாடியில் பார்த்தாள், பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். "யாருமே இல்ல அங்கிள்" என்றாள். கீழே ஒன்பது பேர் நின்றிருந்தனர். அவர்களுள் அவளுடைய தம்பியும் ஒருவன்.

ஓட்டுநர் வலப்பக்கம் உயரத்தில் அமர்ந்திருப்பதால் இடப்பக்க ஓரமும், லாரியின் மூக்குக்கு நேர் கீழும் அவருக்கு மறைந்துவிடுகின்றன. மிதிவண்டி ஓட்டும் பிள்ளைகளோ சாலையின் இடது ஓரமாகவே போகிறார்கள். சமிக்ஞை விளக்கில் லாரி நிற்கும்போது இடப்பக்கமாக முன்னேறி அதன் மூலையில் போய் நிற்கிறார்கள். விளக்கு பச்சையாகி லாரி இடப்புறம் திரும்பினால், பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் போவதில்லை; உட்பக்கமாக வெட்டி வருகின்றன. அந்த இடத்தில்தான் பிள்ளை நிற்கிறது.

அவர் சொன்ன விதி ஒன்றுதான்: "என் கண்ணாடியில என் முகம் உங்களுக்குத் தெரியலைன்னா, உங்க முகம் எனக்குத் தெரியாது. பின்னாலேயே நில்லுங்க." பேச வராது என்று சொன்னவர்! பல ஆண்டுகளாக நாங்கள் நடத்திய சாலைப் பாதுகாப்பு வாரச் சொற்பொழிவுகளைவிட அந்த வாக்கியம் பிள்ளைகளிடம் நிலைத்தது.

பிரேக் இல்லாத மிதிவண்டி

மிதிவண்டியைப் பற்றி எழுதும் மலேசிய ஆசிரியர் எவரும் 2017-ஐத் தாண்டிப் போக முடியாது. அவ்வாண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் விடியற்காலை மூன்று மணியளவில் ஜொகூர் பாருவில், மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளில் கூட்டமாகச் சென்ற பதின்ம வயதினர்மீது மகிழுந்து மோதியது. எட்டுப் பேர் உயிரிழந்தனர். 'பாசிக்கால் லாஜாக்' என்று நம் பிள்ளைகள் சொல்லும் அவ்வகை வண்டிகளில் பிரேக்கைக் கழற்றி, கைப்பிடியைத் தாழ்த்தி, இருக்கைமேல் வயிறு படக் குப்புறப் படுத்து ஓட்டுவார்கள்.

வழக்கு ஆறு ஆண்டுகள் நடந்தது. கீழ்நீதிமன்றம் 2019-இலும் 2021-இலும் ஓட்டுநரை விடுவித்தது. 2022 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அவருக்கு ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தேநீர்க் கடைகளில் நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது. ஓட்டுநர்மீது பழி, அல்லது பெற்றோர்மீது பழி. எட்டு வீடுகளில் எட்டுக் கட்டில்கள் காலியாக இருந்தன என்பது அந்த வாதங்களின் இரைச்சலில் பலருக்குக் கேட்கவில்லை.

நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆறாம் ஆண்டு மாணவர்களோடு கணக்குப் பாடத்தில் ஒன்று செய்தேன். இது அவ்வழக்கைப் பற்றிய கணக்கன்று, பொதுவானது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மகிழுந்து ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. எதிரே ஒன்றைக் கண்டு, அது என்ன என்று உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி ஆகும் என்று கொள்வோம். அதற்குள் வண்டி 25 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் நின்று முடிக்க மேலும் 20 மீட்டர். ஆகமொத்தம் 45 மீட்டர். அதை எங்கள் திடலில் அளந்து, கூம்பு வைத்துக் காட்டினேன். கோல் கம்பத்திலிருந்து திடலின் பாதி வரை வந்தது. "இவ்வளவு தூரத்துக்கு முன்னாடியே நம்மளப் பார்க்கணுமா சார்?" என்றான் ஒருவன். ஆம். விளக்கில்லாமல், தரையோடு தரையாகப் படுத்து வரும் ஒருவனை இருளில் எந்தக் கண்ணும் அவ்வளவு தொலைவில் காணாது. அவன் வண்டியில் பிரேக்கும் இல்லையென்றால் இரு பக்கமும் நிற்க வழியில்லை.

சிங்கப்பூரில் சாலையில் மிதிவண்டி ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவது 2019 முதல் கட்டாயம். கையால் இயக்கும் பிரேக் ஒன்றாவது வண்டியில் இருக்க வேண்டும் என்பதும் அங்குச் சட்டம். நம் வீட்டில் இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை மகனின் மிதிவண்டியைத் தந்தையே அழுத்திப் பார்த்தால் போதும்.

வீரமும் மறைத்தலும்

பிரேக் இல்லாத மிதிவண்டியில் உலக வெற்றியாளரான ஒருவரைப் பற்றிப் பிள்ளைகள் உடனே கேட்பார்கள். திரங்கானு டுங்குனைச் சேர்ந்த அசிசுல்ஹாஸ்னி அவாங்கின் வண்டியில் பிரேக் கிடையாது; உண்மைதான். ஆனால் அது ஓடுகளம். எல்லாரும் ஒரே திசையில் சுற்றும் இடம். அங்கே சந்திப்பு இல்லை, லாரி இல்லை, கதவு திறப்பவர் இல்லை.

அங்கும் அவர் அடிபட்டார். 2011 பிப்ரவரியில் மான்செஸ்டரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியின் கெய்ரின் இறுதிச் சுற்றில் பலர் மோதி விழுந்தனர். மரத்தால் ஆன ஓடுகளத்திலிருந்து பெயர்ந்த ஏறக்குறைய 20 செண்டிமீட்டர் நீளச் சிராய் அவருடைய கெண்டைக்காலை ஊடுருவி மறுபுறம் வந்தது. அவர் எழுந்தார், வண்டியில் ஏறினார், கோட்டைக் கடந்து மூன்றாம் இடம் பெற்றார். பின்னர் 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், 2017-இல் உலக வெற்றியாளர் பட்டம், 2021-இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. 2022-இல் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டும் மீண்டு வந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் களமிறங்கினார். அங்கே முதல் சுற்றிலேயே, முன்னே செல்லும் வழிகாட்டி வண்டி விலகுமுன் அதைத் தாண்டியதற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.

இக்கதையை நானும் வகுப்பில் சொல்வதுண்டு. அதைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். அவர் வலியை மறைக்கவில்லை. அரங்கமே பார்த்துக்கொண்டிருந்தது, மருத்துவர்கள் ஓடி வந்தார்கள், அங்கிருந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார், அறுவை சிகிச்சையில் சிராய் அகற்றப்பட்டது. வலியைத் தாங்குவது வீரம். வலியை வீட்டாரிடமிருந்து மறைப்பது அச்சம். நம் பிள்ளைகளுக்கு இவ்விரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. ஆம்பளைப் பிள்ளை அழலாமா என்று நாம்தான் அப்படிக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும்

எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இவற்றை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தோம். உங்களுக்கும் பயன்படலாம்.

1. கைப்பிடியின் இரு முனைகளையும் இன்றே பாருங்கள். ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். மிதிவண்டிக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும்.

2. விழுந்த பிள்ளையின் வயிற்றில் வட்டமான தடம் இருந்தாலோ, வயிறு வலித்தாலோ, வாந்தி எடுத்தாலோ, உணவை வெறுத்தாலோ காத்திருக்க வேண்டாம். "கைப்பிடி வயிற்றில் குத்தியது" என்ற செய்தியை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

3. தலையில் அடிபட்ட பிள்ளை எழுந்து சிரித்துப் பேசினாலும் ஒரு நாள் முழுதும் கண்காணியுங்கள். மண்டையோட்டின் உள்ளே இரத்தம் மெல்லக் கசியும்போது முதலில் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு மயங்குவதுண்டு. கடுமையான தலைவலி, மீண்டும் மீண்டும் வாந்தி, குழறும் பேச்சு, எழுப்பினாலும் எழாத தூக்கம் ஆகியவை அபாயக் குறிகள்.

4. உடலில் குத்தி நிற்கும் கம்பியையோ மரத்துண்டையோ நீங்களே பிடுங்காதீர்கள். அது இரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். அசையாமல் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

5. தலைக்கவசம் ஒருமுறை பலமாக அடிபட்டால் அதன் வேலை முடிந்தது. உள்ளிருக்கும் நுரைப்பொருள் நசுங்கித்தான் தலையைக் காக்கிறது. நசுங்கியது மீண்டும் உப்பாது. புதியது வாங்குங்கள்.

6. முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு. மாலைப் பிரத்தியேக வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு இவை புத்தகப்பை போன்றே இன்றியமையாதவை.

ஏழாவதை அந்த லாரி ஓட்டுநர் சேர்க்கச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதினோம்: "சைக்கிள் உடைஞ்சா வாங்கிக்கலாம்னு பிள்ளைகிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க. விழுந்த பிறகு சொன்னா அதுக்குக் கேக்காது."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிலர் அப்படிச் சொன்னால் பிள்ளை பொறுப்பில்லாமல் போய்விடும் என்றார்கள். நியாயமான அச்சம்தான். கேட்காமல் எடுத்ததற்குக் கண்டிப்பு வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்டிப்பு இரண்டு நாள் கழித்தும் வரலாம். மருத்துவர் அப்படிக் காத்திருக்க முடியாது. பிள்ளை வாசலில் வந்து நிற்கும்போது நம் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி "சைக்கிளுக்கு என்ன ஆச்சு?" என்பதா, "எங்கே அடிபட்டது?" என்பதா? அடுத்த முறை அவன் சொல்வானா, மறைப்பானா என்பது அங்கேதான் முடிவாகிறது.

அந்த மாணவன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். மிதிவண்டியில்தான் போகிறான். அவன் தந்தை ஆண்டுக்கு ஒருமுறை லாரியைக் கொண்டுவந்து எங்கள் திடலோரம் நிறுத்துகிறார். உங்கள் பள்ளியின் பெற்றோரிலும் ஒரு லாரி ஓட்டுநர் நிச்சயம் இருப்பார். கேட்டுப் பாருங்கள், மறுக்கமாட்டார்.